முதல் பக்கத்துக்கு முன்பே இறந்தவள்

லவான் காலி சூப் பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். ஏழு என்று இருந்தது. மேஜை மேல் வரிசையாக வைத்திருந்த காகிதக் கட்டுகளில் ஏழாவதை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர் நாற்காலியில் இருந்த மார்லிஸ் அந்த எண்ணைப் பார்த்துவிட்டாள். ஏழாவது கட்டு அவள் எழுதியது. அதை உலகத்தில் வேறு யார் படித்தாலும் பரவாயில்லை. லவான் ஒருத்தி மட்டும் படிக்கக் கூடாது.

அது காதல் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கான ஐந்து நாள் வகுப்பு. டோர் கவுண்டி என்கிற சுற்றுலாப் பகுதியின் ஏரிக்கரை விடுதிகள் கோடையில் கூட்டம் தாங்காமல் திணறும், நவம்பரில் ஈ ஓட்டும். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியில் எட்டுப் பேர் திங்கட்கிழமை பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்கள். காலையில் பாடம், மதியம் எழுத்து, சாயங்காலம் பிராந்தியும் பாலாடைக்கட்டிப் பொரியலும். வகுப்பை நடத்துகிற பெர்னடெட் நாற்பத்தொரு காதல் நாவல்கள் எழுதியவள், மூன்று கணவர்களை விட்டவள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

ஐந்து நாளும் கூத்தும் சிரிப்புமாகப் போகும். ஆனால் எல்லாரும் காத்திருப்பது வெள்ளிக்கிழமை மதியத்துக்குத்தான். ஆளுக்கு ஆறு பக்கம், பெயர் போடாமல் விடுதிக்காரியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் எண் போட்டு, எழுதியவரிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டு அடுக்கி வைப்பாள். எது யாருடையது என்று பெர்னடெட்டுக்கே தெரியாது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், அலசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாரும் பேசி முடித்த பிறகு, விருப்பமிருந்தால் கையைத் தூக்கி, ‘இது என்னுடையது’ என்று சொல்லி, வட்டத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். விளக்கம் சொல்ல மட்டும் அனுமதி கிடையாது.

இந்த வருடம் சிகாகோவிலிருந்து நயோமி என்ற பதிப்பாசிரியரும் வந்து வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். பிடித்த கதை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவாளாம். போன வருடம் இதே வட்டத்தில் இருந்த ஒருத்தியின் புத்தகம் இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்கிறது. எட்டுப் பேரும் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வழக்கமாக எல்லாக் கட்டுகளையும் பெர்னடெட்டே வாசிப்பாள். வகுப்புக்கு முன் அனுப்பிய கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் மார்லிஸ் இந்தப் பக்கங்களைக் கொடுத்தாள். ஆனால் அன்று காலை பெர்னடெட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“காக்கா மாதிரி கத்தறேன். நானே படிச்சா உங்க கதாநாயகனெல்லாம் ஓடிப்போயிடுவான்” என்றாள், கரகரத்த குரலில். “இந்தத் தடவை ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிங்க. சீட்டு எடுங்க. சொந்த நம்பர் வந்தா உள்ள போட்டுட்டு வேற எடுங்க.”

மார்லிஸுக்கு வந்தது மூன்று. அவள் சும்மா இருக்கவில்லை, ஒரு முயற்சி செய்து பார்த்தாள்.

“லவான், மாத்திக்கலாமா? இதுல எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. எனக்குக் கண்ணு புடிக்காது.”

“எனக்கு மட்டும் கழுகுக் கண்ணா? மூக்குமேல ரெண்டு கண்ணாடி மாட்டிட்டு உக்காந்திருக்கே, போடி.”

“சும்மா குடேன்.”

“இதென்ன சீட்டாட்டமா, பிடிக்காத சீட்டைக் கீழ போட?” என்று லவான் சிரித்தாள். பெர்னடெட் விரலை ஆட்டி வேண்டாம் என்று சைகை காட்டினாள். அதோடு முடிந்தது. இதற்கு மேல் கேட்டால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

மார்லிஸும் லவானும் கிரீன் பே நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவர்கள். லவான் பள்ளிச் சமையலறைக்குத் தலைவி. மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மார்லிஸின் புருஷன் எப்போதோ ஒரு நாள் மீன் பிடிக்கப் போகிறேன் என்று போனவன், திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால்பந்தாட்டம், கிறிஸ்துமஸ், பிறந்தநாள் எல்லாமே அவளுக்கு லவான் வீட்டில்தான். லவானின் புருஷன் டுவெய்ன் குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளுகிற லாரி ஓட்டுகிறவன். வழுக்கைத் தலை, முன்னால் தள்ளிய வயிறு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

மூன்று வருடங்களுக்கு முன் லவானுக்குப் புற்றுநோய் வந்தது. குளிர்காலம். விடிவதற்கு முன்பே பனி தள்ளப் போகிற டுவெய்னால் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக முடியாது. மார்லிஸுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை பேருந்து கிடையாது. அதனால் அவள்தான் கூட்டிப் போனாள், ஐந்து மாதம். லவான் உள்ளே படுத்திருக்க, மார்லிஸ் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பாள்.

டுவெய்ன் முடிந்த நாளெல்லாம் லாரி வேலைக்கு நடுவில் மருத்துவமனை வாசலுக்கு வந்து நிற்பான். மொட்டைத் தலையோடு லவான் வெளியே வரும்போது, தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிய கம்பளித் தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டிவிடுவான். ஒன்றும் பேச மாட்டான். மாட்டிவிட்டு லாரிக்குப் போய்விடுவான்.

இதை வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மார்லிஸ்.

லவான் பிழைத்துவிட்டாள். முடி வளர்ந்தது, வாயும் பழையபடி வளர்ந்தது. நோட்டுப் புத்தகம் மட்டும் முந்நூறு பக்க நாவலாகிவிட்டது. எத்தனை பக்கம் என்று லவானுக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதன் கதாநாயகன் காலெப், மொன்டானாவில் குதிரை வைத்தியன். சுருட்டைக் கறுப்பு முடி, ஒட்டிய வயிறு. ஊர் பேர் தொழில் எல்லாவற்றையும் மார்லிஸ் மாற்றியிருந்தாள். தொப்பியை மட்டும் மாற்ற முடியவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் காலெப் துணிக்கடை பொம்மையாகிப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தும், எழுதியவளுக்கு அந்தப் பத்தியின் மேல் ஆசை விடவில்லை. திரும்பவும் சேர்த்தாள்.

இன்னொன்றும் இருந்தது. காதல் நாவலில் கதாநாயகன் மனைவியை விட்டுவிட்டு வர முடியாது. வாசகிகள் புத்தகத்தைச் சுவரில் எறிவார்கள். விவாகரத்து என்றால் யார்மேல் தப்பு என்று சொல்ல வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. மனைவி முதல் பக்கத்துக்கு முன்பே இறந்திருப்பாள். அந்த வாரம் அந்த விடுதியில் எட்டுக் கதைகளில் ஐந்து மனைவிமார்கள் அப்படி இறந்திருந்தார்கள். ஒருத்திக்கும் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

காலெப்பின் மனைவியும் இறந்திருந்தாள். முடி கொட்டுகிற வியாதி.

வாசிப்பு ஆரம்பமானது. முதல் கட்டு, இரண்டாம் கட்டு. மூன்றாவதை மார்லிஸ் வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. அது ஆர்வில் எழுதியது என்பது மட்டும் வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஆர்வில் முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய கதாநாயகியைத் தெருநாய் துரத்தாத பக்கமே கிடையாது. நான்கு, ஐந்து. நடுவில் விடுதிக்காரி செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். லவான் இரண்டு துண்டு சாப்பிட்டாள். மார்லிஸ் தன் தட்டை ஆர்வில் பக்கம் தள்ளினாள். ஆறாவது கட்டை மருந்துக்கடையில் வேலை செய்கிற ஜெனெல் வாசித்து முடித்தபோது மணி மூன்றரை.

“ஏழு” என்றாள் பெர்னடெட்.

லவான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலி நாடகக்காரி மாதிரி குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முதல் பக்கத்தில் மொன்டானா மலை, பனி, பிரசவத்தில் தவிக்கிற ஒரு குதிரை. ஊருக்குப் புதிதாக வந்த கதாநாயகி லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். லவான் குதிரைக்கு ஒரு குரல் கொடுத்தாள், காலெப்புக்கு ஒரு குரல் கொடுத்தாள். மார்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி வருவதற்கு இன்னும் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“‘காலெப் ஒன்றும் பேசவில்லை’” என்று லவான் வாசித்தாள். “‘சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி உள்ளே கையை விட்டான். நெஞ்சோடு வைத்திருந்த கம்பளித் தொப்பியை எடுத்து...’”

நிறுத்தினாள்.

“என்ன, எழுத்து புரியலியா?” என்றார் ஆர்வில்.

“புரியுது” என்றாள் லவான். அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை நாடகக் குரல் இல்லை. “‘சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி உள்ளே கையை விட்டான். நெஞ்சோடு வைத்திருந்த கம்பளித் தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டி, காது இரண்டும் மூடும்படி இழுத்துவிட்டான். அவனுடைய உடம்புச் சூடு அவள் நெற்றியில் இறங்கியது. மறைந்த மனைவிக்கு முடியெல்லாம் கொட்டிய குளிர்காலத்தில் அவனுக்கு வந்த பழக்கம் அது. அவள் போன பிறகு அந்தத் தொப்பிக்கு இன்றுதான் ஒரு தலை கிடைத்திருக்கிறது.’”

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக மார்லிஸ் அசையாமல் இருந்தாள். கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. வட்டத்தின் விதி அப்படி. நிமிர்ந்து பார்த்தால் லவானின் கண்ணைச் சந்திக்க வேண்டியிருக்கும். லவான் மிச்சம் ஒன்றரைப் பக்கத்தைக் கடைசிவரை வாசித்தாள், மளிகைச் சீட்டு வாசிப்பது போல, ஏற்ற இறக்கமே இல்லாமல். வாசித்துவிட்டுக் கட்டைத் தட்டி ஒழுங்காக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெனெல் மூக்கை உறிஞ்சினாள். “அந்தத் தொப்பி... யப்பா, என்னால முடியல.”

“ஆம்பளை எவனாவது இப்படிச் செய்வானா?” என்றார் ஆர்வில். “நான் என் பொண்டாட்டிக்குத் தொப்பி எங்க இருக்குன்னு காட்டினதோட சரி.”

“செய்வான்” என்றாள் லவான். அவ்வளவுதான் சொன்னாள்.

நயோமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “எனக்கு இது வேணும். மத்ததெல்லாம் நல்லா இல்லன்னு சொல்லல. ஆனா இந்த மனுஷன் உசுரோட இருக்கான். முழுக் கதையும் இருந்தா இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன். யார் எழுதினதுன்னு கையைத் தூக்குங்க.”

வட்டத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்லிஸின் நாவலைப் பதினோரு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வாழ்க்கையில் அவள் செய்ததில் யாராவது ‘எனக்கு இது வேணும்’ என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கையைத் தூக்கினால் புத்தகம் வரும். தூக்கினால் லவான் போய்விடுவாள். தூக்காவிட்டால்? லவானுக்கு இன்னும் சந்தேகமாகத்தானே இருக்கும், முந்நூறு பக்கத்தையும் எரித்துவிட்டு, யாரோ எவளோ எழுதியது என்று சாதித்துவிடலாம். கை மடியிலேயே கிடந்தது.

“கூச்சப்படாதீங்க” என்று பெர்னடெட் கரகரத்தாள். “நல்ல சேதிக்குக் கூடவா பயம்?”

மார்லிஸ் நிமிர்ந்தாள். லவான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ தெரியாது. பார்த்தபடியே லவான் தன் கையைத் தூக்கினாள்.

“என்னுது” என்றாள்.

எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். ஜெனெல் கைதட்டினாள். பெர்னடெட் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். “சொந்த நம்பர் வந்தா திருப்பிப் போடணும்னு சொன்னேன்ல?”

“போட மனசு வரல. என் புருஷன் இல்லியா. எவ கையிலயாவது போயிடுவானோன்னு பயந்துட்டேன்.”

அதற்கும் சிரித்தார்கள். மார்லிஸால் எதையும் மறுக்க முடியவில்லை. மறுத்தால், நீ எழுதினாயா என்ற கேள்வி வரும்.

“ஒரு கேள்வி கேக்கலாம்ல?” என்றாள் லவான்.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் பெர்னடெட்.

“இதுல வராத விஷயம். அந்தப் பொண்டாட்டி சீக்கா கெடந்தப்ப, இந்தக் கதாநாயகிதான் அவளுக்கு உசுர்த் தோழின்னு வெச்சுக்குவோம். இவதான் அவளை வண்டியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா, கூட்டிட்டு வர்றா. பொண்டாட்டி போனா புருஷன் இவளுக்கு. அப்ப, பொண்டாட்டி செத்துடணும்னு இவ நெனச்சிருப்பாளா, மாட்டாளா? நீங்கல்லாம் படிக்கறவங்க. சொல்லுங்க.”

வட்டத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் காதல் நாவல்காரர்கள் சோற்றை மறப்பார்கள்.

“நெனச்சிருக்கக் கூடாது” என்றாள் ஜெனெல். “நெனச்சா எனக்கு அவளைப் பிடிக்காமப் போயிடும். அவ நல்லவளா இருக்கணும்.”

“நெனக்காம இருந்தா அவ மனுஷியே இல்ல” என்றார் ஆர்வில். “நான் முப்பது வருஷம் அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னவன். எல்லாரும் நெனப்பாங்க.”

“தோழியா வைக்காதீங்க” என்றாள் நயோமி. “இப்ப இருக்கற மாதிரியே, செத்து ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தவளா இருக்கட்டும். அந்தப் பொண்டாட்டியை நாம பாக்கவே வேண்டாம். பாத்தா பாவம்னு தோணும், காதல் கெட்டுப்போகும்.”

லவான் எல்லாருக்கும் தலையாட்டினாள். பிறகு திரும்பினாள்.

“நீ ஒண்ணும் சொல்லலியேடி, மார்லிஸ். நீ என்ன நெனைக்கறே?”

“நானா?”

“நீதான். அவ நெனச்சாளா?”

அறையில் இருந்த மற்ற எல்லாருக்கும் அது ஒரு கதையைப் பற்றிய பேச்சு. அந்த மறைவு ஒன்றுதான் மார்லிஸுக்கு மிச்சம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லவான் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். லவான் அதைத்தான் கேட்கிறாள் என்றுகூட மார்லிஸுக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்லிவிடு, நான் நம்பிக்கொள்கிறேன் என்று அந்த முகம் கெஞ்சியது. இருபத்திரண்டு வருடத்தில் லவான் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

“ஒரு நாள் நெனச்சா” என்றாள் மார்லிஸ்.

அவளுக்கே தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. ஆனால் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

“ஒரே ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் அவ பொழைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டா. சத்தியமா. அந்த ஒரு நாள் மட்டும்.”

“ஏன் அந்த நாளு? அன்னிக்கு அவன் ஏதாவது செஞ்சானா?”

“அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னிக்கு அந்தத் தோழி தன் தொப்பியை எடுத்துட்டு வர மறந்துட்டா. வாசல்ல நின்னுட்டிருந்தா. காது செவந்திருக்கேன்னு சொல்லி, சட்டைக்குள்ள இருந்த தொப்பியை அவ தலைல வெச்சான். கொழந்தைக்கு வெக்கற மாதிரி. ரெண்டு நிமிஷம். நீ... பொண்டாட்டி வெளில வந்ததும் எடுத்து அவளுக்குப் போட்டுட்டான். அவனுக்கு இப்ப ஞாபகம்கூட இருக்காது.”

“ரெண்டு நிமிஷம்” என்றாள் லவான்.

“ஆமா.”

“அதுக்கு முந்நூறு பக்கமா?”

நயோமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆர்வில் கையில் வைத்திருந்த காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எந்த நாள்?” என்றாள் லவான்.

“பிப்ரவரில. டாக்டர் ரெண்டாவது படம் எடுத்துப் பாத்துட்டு, நல்லா இல்லன்னு சொன்ன நாள். திரும்பி வர்ற வழில நெனச்சா. இவ இல்லாமப் போயிட்டா அந்த வீட்டுல... அப்படின்னு. அவ்வளவுதான் நெனச்சா. முழுசாக்கூட நெனக்கல. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் சாப்பிட முடியல அவளுக்கு.”

“அன்னிக்குப் பனி கொட்டிட்டு இருந்துச்சு” என்றாள் லவான். “ஒரு கைலதான் வண்டி ஓட்டினே நீ. இன்னொரு கை என்கிட்ட இருந்துச்சு. வீடு வரைக்கும் நான் அதை விடவே இல்ல.”

ஜெனெல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நயோமிதான் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மன்னிச்சுக்கங்க. இதை எழுதினது யாரு?”

மார்லிஸ் கையைத் தூக்கினாள். புத்தகத்துக்காகத் தூக்கவில்லை. புத்தகம் அப்போது அவள் நினைப்பிலேயே இல்லை. தன் பாவத்தையும் லவான் தலையிலேயே கட்டி உட்காரவைத்திருக்கிறோமே என்ற வெட்கம்தான் கையைத் தூக்கவைத்தது.

“நான்தான். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அவ எழுதினது எட்டாவது கட்டு.”

லவான் எழுந்தாள். மடியிலிருந்த ஆறு பக்கங்களைக் கொண்டுவந்து மார்லிஸின் முன்னால் வைத்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொத்தான் துளையில் சரியாகப் போகவில்லை, அப்படியே விட்டாள்.

“லவான், நான் இதை எரிச்சுடறேன். இன்னிக்கே. யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றாள் மார்லிஸ்.

“எதுக்கு எரிக்கறே? அந்தம்மா கேக்கறாங்க, குடு. நல்லாத்தான் எழுதியிருக்கே. எனக்கே அழுகை வந்துச்சு.” சொல்லிவிட்டு நின்றாள். “நீ டுவெய்னைப் பாத்ததுல எனக்குக் கோவம் இல்லடி. பாக்கற மாதிரி அவன்கிட்ட ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் நெனச்சதைக்கூட விடு. நானே எத்தனையோ நாள் செத்துட்டா நல்லதுன்னு நெனச்சிருக்கேன்.”

“அப்புறம் ஏன்...”

“அந்தப் பொண்டாட்டி பேரென்ன?”

மார்லிஸுக்குப் புரியவில்லை. “எது?”

“கதைல. செத்துப்போனவ. இந்த ஆறு பக்கத்துல பேரில்ல. மத்த பக்கத்துல என்ன பேரு வெச்சிருக்கே?”

“பேரு... வெக்கல.”

“முந்நூறு பக்கத்துலயுமா?”

“மறைந்த மனைவின்னுதான் வரும். எல்லா எடத்துலயும்.”

குதிரைக்குக் கூட இந்தக் கதையில் பெயர் இருந்தது, அதை லவானே கொஞ்சம் முன்பு குரல் கொடுத்து வாசித்திருந்தாள்.

“ஒரு பேராவது வெச்சிருக்கலாம்ல, மார்லிஸ்” என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். மாடிப்படியில் ஏறுகிற சத்தம், பெட்டி இழுபடுகிற சத்தம், மறுபடி இறங்குகிற சத்தம் எல்லாம் வட்டத்துக்குக் கேட்டன. மார்லிஸ் எழுந்து பின்னால் போகவில்லை. போனால் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ பெயர்கள் எழுதிப் பார்த்திருந்தாள் அவள். பெயர் எழுதிய பக்கத்தில் எல்லாம் அந்த மனைவி சாக மறுத்தாள், எழுந்து வந்து சமையலறையில் நின்றுகொண்டு வாயடித்தாள். அதனால் பெயரை அடித்துவிட்டாள். இதை லவானிடம் எந்த வாயால் சொல்வது?

நயோமி தன் முகவரி அட்டையை எடுத்து, அந்த ஆறு பக்கங்களின் மேல் வைத்தாள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கிரீன் பேயிலிருந்து இருவரும் வந்தது அந்த ஒரே வண்டியில்தான்.